நாற்காலி கேட்ட சலவையக்கா

அந்த ஆஸ்பத்திரியை இதயத்துக்கென்றே கட்டியிருந்தார்கள். வாசலில் கல்லால் ஓர் இதயம், வரவேற்பறையில் கண்ணாடியால் ஓர் இதயம், மருந்துச் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் ஓர் இதயம். மாடிக்கு மாடி இதயத்தைத் திறப்பவர்கள், தைப்பவர்கள், அளப்பவர்கள், அது எப்படி அடிக்க வேண்டும் என்று அதற்கே புத்தி சொல்பவர்கள் என ஒரு படையே இருந்தது. அவ்வளவு பேர் இருந்தும் அங்கே ஒருவரும் காது கொடுக்காத இதயம் ஒன்று உண்டென்றால், அது தரைக்குக் கீழே படுக்கைவிரிப்புகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த சலவையக்காவுடையதுதான்.

சலவை இயந்திரங்கள் தரைக்குக் கீழே இருந்தன. துணி காய வேண்டிய கொடிகள் மொட்டைமாடியில் இருந்தன. உலர்த்தும் இயந்திரம் ஒன்று உண்டு. அது செத்துப் பல வருடங்களாகி, இப்போது பழைய தலையணைகளை அடுக்கி வைக்கப் பயன்பட்டது. லிஃப்டில் ஈரத்துணி ஏற்றக்கூடாது. ஒருமுறை மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரில் பெரிய மனிதர் ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டார். அவருடைய இடுப்பு சரியாகிவிட்டது, தடை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எனவே கட்டிடத்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் சாய்தளத்தின் வழியாக, ஈர மூட்டைகள் அக்காவின் தோளில் மொட்டைமாடிக்குப் போயின. தள்ளுவண்டி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதன் ஒரு சக்கரத்துக்கும் மற்றச் சக்கரங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏற்றத்தில் அதோடு மல்லுக்கட்டுவதைவிடத் தோளே மேல் என்று அக்கா முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது.

ஒருநாள் சாய்தளத்தின் வளைவில் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல இருந்தது. இடது கை மரத்துப் போனது. வியர்வை கொட்டியது. மூட்டையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள். வலி போனதும், அதோடு மூட்டையும் போய்விடவில்லை என்பதால், அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தபோது பயந்துபோய், முதல் மாடி டாக்டரின் அறை வாசலில் நின்றாள். டாக்டர் நல்ல மனுஷன். நோயாளிகளுக்கு நடுவே இவளையும் படுக்க வைத்து, கம்பிகள் மாட்டி, தாளைப் பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"ரத்தக்குழாய் ஒண்ணு சுருங்கியிருக்கும்மா. மாத்திரை தரேன். ஆனா மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க கையில இருக்கு. இனிமே ஈர மூட்டை தூக்காதீங்க."

"நடக்கலாமா சார்?"

"தாராளமா நடங்க. வெறுங்கையோட, நிதானமா. சுமைதான் வேணாம். உட்கார்ந்து செய்யுற வேலை ஏதாவது இருக்கா?"

"மடிப்பு மேசைல ஒரு நாற்காலி காலியா இருக்கு சார். அங்க இருந்த அம்மா ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அதைக் கேட்டு வாங்கிக்குங்க. இல்லைன்னா அடுத்த தடவை நீங்க நடந்து வர மாட்டீங்க, தூக்கிக்கிட்டு வருவாங்க."

அக்கா அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டாள். வேலையை விட்டுவிடலாம் என்றால், வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் ஓடியது. கேட்க வேண்டியது ஒரே ஒரு நாற்காலி. அதுவும் காலியாகக் கிடக்கிற நாற்காலி. யாருடைய மடியிலும் போய் உட்காரப் போவதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நம்பினாள்.

சலவைக்கூட மேற்பார்வையாளர் கையை விரித்தார். "முன்னாடின்னா நானே மாத்தி விட்டிருப்பேன்க்கா. இப்ப ஊழியர்களோட இதயம் எல்லாம் மேல போயிடுச்சு. ஊழியர் இதய நலப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. அவங்க சொல்லாம உங்க இதயத்தை நான் தொட முடியாது."

ஊழியர் இதய நலப் பிரிவுக்குள் போக செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. தரை முழுக்கக் கம்பளம். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் இதயம், பொத்தானை அழுத்தினால் துடிக்கும். சுவரில், 'நாற்காலியே நஞ்சு', 'உட்கார்ந்தவன் எழுந்ததில்லை' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். துணை அதிகாரி அம்மையார் ஒருவர் பெரிய ரப்பர் பந்தின் மேல் அமர்ந்து, லேசாக எம்பி எம்பித் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே இதய நல இயக்குநர் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா. நம்ம பிரிவு உங்களுக்காகத்தான் இருக்கு. என்ன வேணும்?"

அக்கா டாக்டரின் சீட்டை நீட்டினாள். "ஒரு நாற்காலி வேணும் சார்."

பந்து நின்றது. கள்ளச்சாராயம் கேட்டுவிட்டவளைப் பார்ப்பது போல இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாற்காலியா?" என்றார் இயக்குநர். "எங்ககிட்டயா? ஏம்மா, இந்தப் பிரிவு ஆரம்பிச்சதே நாற்காலியை ஒழிக்கத்தானே?"

அக்காவின் கண் தன்னையறியாமல் அவர் அமர்ந்திருந்ததன் மேல் போனது. இயக்குநர் அதைக் கவனித்துவிட்டார்.

"இதைப் பாக்குறீங்களா? இது நாற்காலி இல்ல. இது சுழலும். சுழற்சிங்கறது ஒரு அசைவு." கால் விரலால் தரையை உந்தி ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டினார். திரும்பி வந்தபோது லேசாக மூச்சு வாங்கியது. "சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். உடற்பயிற்சி செய்யுறீங்களா?"

"மூட்டை தூக்குறேன் சார்."

"அது வேலை. நான் கேட்டது உடற்பயிற்சி."

"தினமும் மொட்டைமாடி வரைக்கும் ஏறி எறங்குறேனே?"

"எதுக்கு ஏறுறீங்க?"

"துணி காயணுமே சார்."

"பாத்தீங்களா!" இயக்குநர் மேசையைத் தட்டினார். "துணிக்காக ஏறுறீங்க. இதயத்துக்காக ஏறல. இதயத்தை ஏமாத்த முடியாதும்மா, அதுக்கு எல்லாம் தெரியும். இதெல்லாம் நான் சும்மா சொல்லல. ஆராய்ச்சியே சொல்லுது. வேலையில நாள் பூரா சுமை தூக்குறவங்களுக்கு இதயம் கெட்டுப்போகுது. ஓய்வு நேரத்துல சந்தோஷமா ஓடுறவங்களுக்கு நல்லா இருக்கு."

அக்காவுக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை துளிர்த்தது. இதைத்தானே டாக்டரும் சொன்னார்.

"அப்ப சுமையைக் கொறைச்சா போதும் இல்ல சார்?"

"இல்லம்மா. சந்தோஷத்தைக் கூட்டணும்."

பந்தின் மேலிருந்த அம்மையார் எம்பிக்கொண்டே பதிவு செய்தார்: உடலுழைப்பு உண்டு, உடற்பயிற்சி இல்லை, ஆகவே அசைவற்றவர். நாற்காலி நாட்டம், ஆரம்ப நிலை. ஊழியர்களின் அடிகளையும் துடிப்பையும் எண்ணும் கைப்பட்டைகளில், அசைவற்றவர்களுக்கென்று வைத்திருந்த ஒன்றை அக்காவின் மணிக்கட்டில் மாட்டி, பூட்டினார்கள். வேலை முடிந்ததும் தினமும் மாலைப் பயிற்சிக்கு வரவேண்டும், ரப்பர் காலணி அவசியம், புன்னகையும் அவசியம். நாற்காலிக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கும். அதுவரை மூட்டை வேலை தொடரும்.

வீட்டில் அவள் கணவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முடிதிருத்துபவர். தெருமுனையில் சின்னக் கடை.

"நான் வாழ்க்கை பூரா அடுத்தவனை நாற்காலில உட்கார வெச்சு, பின்னாடி நின்னவன்" என்றார். "உட்காந்தவன் தூங்கிப் பாத்திருக்கேன், குறட்டை விட்டுப் பாத்திருக்கேன். செத்து ஒருத்தனையும் பாக்கல."

"அவங்க படிச்சவங்க."

"படிச்சது சரிதான். பாதியோட மூடி வெச்சுட்டாங்க போல. நீ அந்த டாக்டரையே பேசச் சொல்லேன்?"

டாக்டர் பேசினார். இயக்குநர் அவரை உட்காரச் சொல்லாமலே நிற்க வைத்து, டாக்டர் நோயாளிகளின் இதயத்துக்குப் பொறுப்பானவர் என்றும், ஊழியர்களின் இதயம் நிர்வாகத்தைச் சேர்ந்தது என்றும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாலைப் பயிற்சி சாய்தளத்தில்தான் நடந்தது. அதற்கு இப்போது 'இதயப் பாதை' என்று பெயர். தரையில் சிவப்பு வண்ணம் அடித்து, வளைவுக்கு வளைவு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு, விளம்பரப் பிரிவு என்று எல்லாப் பிரிவு அதிகாரிகளும் புது ரப்பர் காலணியோடு, பாட்டுக்கு ஏற்றபடி கையை வீசி ஏறினார்கள். பகல் முழுக்க இதே பாதையில் ஏறி இறங்கிய அக்கா, கடைசி ஆளாக, கணவரின் பழைய காலணியில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு, புன்னகையோடு ஏறினாள். புன்னகை குறைந்தால் பயிற்றுநர் ஊதலை ஊதினான்.

பயிற்சி நேரத்தில் மூட்டைகள் எதிரே வந்தால் அதிகாரிகளின் இதயத் துடிப்பு கலைகிறது என்று புகார் வந்தது. மாலையில் இதயப் பாதையில் சுமை தூக்கத் தடை போட்டார்கள். எனவே பகலுக்குள் எல்லா மூட்டையையும் ஏற்றிவிட வேண்டியதாயிற்று. முன்பு நடந்தவள் இப்போது ஓடினாள். கைப்பட்டை அதையெல்லாம் மனம் குளிர்ந்து பதிவு செய்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான், சுமையோடு ஏறினால் தொடை இறுகும் என்று எங்கேயோ படித்துவிட்டு, இயக்குநர் கையில் தலையணை உறை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். மறுநாளே எல்லா அதிகாரிகளும் ஆளுக்கொரு தலையணை உறை வைத்திருந்தார்கள். ஏறி முடித்ததும் அவற்றைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டு லிஃப்டில் இறங்கினார்கள். வியர்வை பட்ட உறைகள் மறுபடி சலவைக்கு வந்தன. அக்காவின் மூட்டை இன்னும் கொஞ்சம் கனத்தது.

"என் கோரிக்கை என்னாச்சு சார்?" என்று வளைவில் ஒருநாள் இயக்குநரை மடக்கிக் கேட்டாள். நெஞ்சுவலி அன்று காலையிலேயே ஒருமுறை வந்து போயிருந்தது.

"ரொம்ப அனுதாபத்தோட பரிசீலிச்சுட்டோம்மா. உங்க பிரச்சினையோட மூலகாரணத்தையே கண்டுபிடிச்சுட்டோம். அந்த மேசைல நாற்காலி இருக்கறதாலதானே உங்களுக்கு அது மேல ஆசை வருது?"

மறுநாள் காலை இரண்டு ஆட்கள் வந்து மடிப்பு அறையிலிருந்த எல்லா நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். காலியாக இருந்ததை மட்டுமல்ல, ஆள் உட்கார்ந்திருந்தவற்றையும்தான். கூடவே, நோயாளிகளோடு வந்தவர்கள் காத்திருக்கும் தாழ்வாரத்து பெஞ்சுகளும் போயின. உள்ளே அறுவை நடக்கும்போது வெளியே சொந்தக்காரர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள், கால் வலித்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். தரையில் உட்காருவது நாற்காலி வகையில் சேருமா என்று பிரிவு ஒரு குழு அமைத்தது.

மடிப்பு அறைப் பெண்கள் கொதித்துப் போனார்கள்.

"நீ நல்லா இருப்பியாக்கா? உனக்கு வேணும்னு கேட்டு எங்களோடதையும் பிடுங்கிட்டியே!"

"நான் ஒண்ணே ஒண்ணுதான்டி கேட்டேன்."

"கேட்டதாலதான் வந்தது வெனை. கேக்காம செத்துத் தொலைச்சிருந்தா..." என்று ஒருத்தி ஆரம்பித்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அன்று முழுக்க அவர்கள் அக்காவோடு பேசவில்லை. அவளுக்கு நெஞ்சு வலியைவிட அது வலித்தது.

இதய நாள் விழா வந்தது. ஆஸ்பத்திரியிலேயே சிறந்த இதயம் யாருக்கு என்று கைப்பட்டைகளைக் கேட்டுத் தீர்மானிப்பதாக ஏற்பாடு. கைப்பட்டைக்கு வேலைக்கும் உடற்பயிற்சிக்கும் வித்தியாசம் தெரியாது. பாவம், அது ஆராய்ச்சி எதுவும் படித்ததில்லை. எல்லோரையும் தூக்கி எறிந்துவிட்டு முதலிடத்தில் நின்றது அசைவற்றவர் பட்டியலில் இருந்த சலவையக்கா. பிரிவில் இரண்டு நாள் ரகசியக் கூட்டம் நடந்தது. கடைசியில் இயக்குநருக்குத்தான் அந்த ஞானோதயம் வந்தது: அசைவற்றவராக இருந்த ஒருத்தியைப் பிரிவு இந்த உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது!

அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"மொட்டைமாடில விழா. விருந்தினர்கள் எல்லாம் மேல இருப்பாங்க. நீங்க கீழேர்ந்து இதயப் பாதை வழியா மூட்டையோட ஏறி வரீங்க, நான் கேடயம் தரேன்."

"சார், சுமை தூக்கக்கூடாதுன்னு டாக்டர்..."

"வேலையாத் தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. இது விழா. ஈர மூட்டையாவே எடுத்துக்குங்க. உலர்ந்ததுன்னா படத்துல லேசாத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடையில உங்க நாற்காலி விஷயத்தையும் அறிவிக்கப் போறேன். வராம இருந்துடாதீங்க."

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் ஏறியாயிற்று, இன்னும் ஒருமுறை ஏறினால் கிடைத்துவிடும் என்று நினைத்தாள். இப்படி நினைக்க வைப்பதற்குத்தான் இப்படிப்பட்ட பிரிவுகளே இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியாது. மாத்திரையை விழுங்கிவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றினாள்.

மொட்டைமாடியில் விருந்தினர்கள் நாற்காலியில்லாமல் துணிக்கொடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் லிஃப்டில் வந்தவர்கள். இயக்குநரின் குரல் ஒலிபெருக்கி வழியாக வளைவுக்கு வளைவு இறங்கி வந்தது.

"நண்பர்களே! இந்தப் பிரிவு தொடங்கினப்ப எங்ககிட்ட என்ன இருந்தது? ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் கம்பளம் இருக்கு, துடிக்கிற இதயம் இருக்கு, இன்னும் ரெண்டு அறை கேட்டிருக்கோம். ஊழியர்கள் எவ்வளவு சோர்வா இருந்தாலும் நாங்க சோர்ந்து போறதில்ல. அவங்க மூச்சு வாங்க வாங்க எங்களுக்கு உற்சாகம் கூடுது. இதோ வந்துக்கிட்டிருக்காங்களே இந்தம்மா, ஒரு காலத்துல என் முன்னாடி வந்து நாற்காலி கேட்டவங்க. இன்னைக்கு அவங்களுக்கு அந்த ஆசையே இல்லாமப் பண்ணிட்டோம்! இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன், நாற்காலி கேட்ட கோரிக்கையை அவங்க மனப்பூர்வமாத் திரும்ப வாங்கிக்கிறாங்க!"

கைதட்டல் கேட்டது. அக்கா அப்போது கடைசி வளைவில் இருந்தாள். அந்த வாக்கியம் காதில் விழுந்ததா, அதற்கு முன்பே நெஞ்சில் அந்த உள்ளங்கை வந்து அழுத்திவிட்டதா என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. மூட்டையை இறக்கிச் சிவப்புத் தரையில் வைத்தாள். அதன் மேல் உட்கார்ந்தாள்.

மேலே கைதட்டல் நின்றது. இயக்குநர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எழுந்திருங்கம்மா!" என்று ஒலிபெருக்கி அலறியது. "எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும் சார்" என்றாள் அக்கா. ஒலிபெருக்கி இல்லாததால் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "நான் கொஞ்சம் உட்காந்துக்கறேன்."

பிறகு மூட்டையிலிருந்து மெல்லச் சரிந்தாள்.

விருந்தினர்கள் யாரும் அசையவில்லை. ஓடி வந்தவர்கள் மடிப்பு அறைப் பெண்கள்தான். செத்துத் தொலை என்று வாய்தவறியவள் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தாள். எங்கிருந்தோ சக்கர நாற்காலி ஒன்றை இழுத்து வந்தார்கள். நகரும் என்ற காரணத்தால் பிரிவின் கைக்குத் தப்பியிருந்தது அது. அக்காவை அதில் உட்கார வைத்து லிஃப்டுக்குள் தள்ளினார்கள். அவள் உடையிலிருந்து ஈர மூட்டையின் தண்ணீர் லிஃப்ட் முழுக்கச் சொட்டியது. தடை ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் ரத்தக்குழாயைத் திறந்துவிட்டார். அக்கா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்தபோது தான் படுத்திருந்த விரிப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். தான் சுமந்து காயவைத்ததுதான், ஓரத்தில் பிரிந்த தையலைக்கூட அடையாளம் தெரிந்தது. அதன் மேல் படுத்துப் பார்ப்பது இதுதான் முதல்முறை. கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த அறையிலும் நாற்காலி இல்லை.

"வந்தாங்க உன் கூட்டாளிங்க" என்றார் அவர். "அழுதுட்டுப் போனாங்க. மடிப்பு அறைல எல்லாரும் இப்ப துணி மூட்டை மேலதான் உட்காந்து வேலை பாக்குறாங்களாம். நாற்காலியைத் தூக்கிட்டுப் போன ஆளுங்க மூட்டையையும் தூக்கிட்டுப் போக வந்திருக்காங்க. தாராளமாத் தூக்கிட்டுப் போங்க, விரிப்பு இல்லாம நோயாளியைத் தரையில படுக்க வைங்கன்னு இவங்க சொல்லிட்டாங்க. திரும்பிப் போயிட்டானுங்க. உனக்கும் ஒரு மூட்டை போட்டு வெச்சிருக்காங்களாம். நல்லாக் காஞ்சதா, ஜன்னல் பக்கமா. ஈர மூட்டையத் தொட்டா கையை ஒடிச்சிடுவோம்னு சொல்லச் சொன்னாங்க."

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

மாலையில் இதய நல இயக்குநர் வந்தார். விழாவுக்குப் பிறகு தாம் மட்டும் லிஃப்டில் வந்தால் பேச்சுக்கு இடமாகும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, பாட்டு இல்லாமல், ரப்பர் காலணி இல்லாமல் சாய்தளத்தில் ஏறி வந்திருந்தார். முகம் வெளிறி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் தடிமனான விசாரணை அறிக்கை.

"சம்பவத்துக்கு என்ன காரணம்னு குழு ஏகமனதாக் கண்டுபிடிச்சிருக்கும்மா" என்றார் மூச்சிரைக்க. "மயக்கத்துக்குச் சற்று முன்னாடி நீங்க உட்காந்திருந்தீங்க. அதுக்கு நிறைய சாட்சி இருக்கு. அவ்வளவு நேரம் ஏறி வந்தப்ப ஒண்ணும் ஆகல. உட்காந்ததும் ஆயிடுச்சு. இதை முழுசா உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்னு விதி."

கணவர் கையை முறுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அக்கா கண்ணாலேயே அவரைத் தடுத்தாள்.

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே உட்கார ஒன்றுமே இல்லை, அக்காவின் கட்டில் ஓரத்தைத் தவிர. அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டில் பக்கமாகத் திரும்பி, மெல்ல இறங்கப் போனார்.

அக்கா காலை நீட்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டாள்.

"உட்காராதீங்க சார்" என்றாள். "இதயத்துக்கு ஆகாது."

பாதியில் நின்ற இயக்குநர் நிமிர்ந்தார். கணவர் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"படிங்க சார்" என்றாள் அக்கா. "அவசரமில்ல. நிதானமாப் படிங்க."

அறிக்கை நீளமானது. தலையணையைச் சரி செய்துகொண்டு, கடைசிப் பக்கம் வரை அவள் படுத்தபடியே கேட்டாள்.